எங்கள் ஊர் ஹால்ட் பஸ்ஸை நிறுத்திய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா,

மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் ராத்திரி 9.25-க்குக் கிளம்பி, திருமங்கலம் வழியாக எங்கள் ஊருக்கு வந்து, ஊர்ப் பொதுவிடமான மந்தையில் ராத்தங்கி, விடிகாலை 5 மணிக்குத் திரும்பப் புறப்படுகிற டவுன் பஸ்ஸை எடுத்துவிட்டீர்கள். ஊருக்குத் தகவல் இல்லை, பஞ்சாயத்துக்கு ஒரு வரி இல்லை. ஒருநாள் ராத்திரி வரவில்லை, பிரேக்டவுன் என்று நினைத்தோம். மறுநாளும் வரவில்லை. பகல் நடையில் வந்த கண்டக்டரிடம் கேட்டபோதுதான் "ஹால்ட்டைத் தூக்கிட்டாங்கம்மா" என்றார்.

மனுப் போட்டோம். பதிலும் வந்தது, அதற்கு நன்றி, பல மனுக்களுக்கு அதுகூட வருவதில்லை. பகலில் 6 நடை இயக்கப்படுகிறது, மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்படுகிறது, இரவு நடையில் வசூல் மிகக் குறைவு, பிரதான சாலையில் ஊர் விலக்கு வரை இரவிலும் பேருந்துகள் உள்ளன, பயணிகளிடமிருந்து இதற்கு முன் புகார் ஏதும் பெறப்படவில்லை என்றெல்லாம் எழுதி, கடைசியில் "எனவே பொதுமக்களுக்குப் பாதிப்பு ஏதும் இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்த மடல். டிரைவர் பற்றாக்குறை, வண்டி பற்றாக்குறை, டீசல் செலவு என்று நீங்கள் சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசலாம். பாதிப்பே இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்துகிறேன். குடியிருப்பது ஊரில்தான். என்னிடம் ஸ்கூட்டர் இருக்கிறது, நேரமாகிவிட்டால் வீட்டுக்காரர் விலக்குக்கு வந்து அழைத்துப் போவார். ஆக இந்த பஸ் நின்றதில் எனக்கென்று பெரிய நட்டம் இல்லை. நட்டப்பட்டவர்களுக்கு உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுத நேரமும் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன். வகுப்பில் நடத்துவதையும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிலை அப்படியே பாடமாக நடத்தலாம் போலிருக்கிறது.

1979-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் ஓர் உரை நிகழ்த்தினார். சமத்துவம் வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்களே, எதில் சமத்துவம் என்பதுதான் அவர் கேட்டது. அப்போது பலமாக இருந்த பதில்களில் ஒன்று, ஜனங்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று பார்ப்பது. இன்னொன்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-ல் எழுதியது. உரிமைகள், வாய்ப்புகள், வருமானம், சுயமரியாதைக்கான அடித்தளம் என்று எவருக்கும் தேவைப்படுகிற சிலவற்றை நியாயமாகப் பங்கிட வேண்டும் என்பது அவர் கட்சி. இரண்டும் போதாது என்றார் சென். ஒருத்தருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதோடு நிற்கக்கூடாது, அவர் மனசு நிறைந்திருக்கிறதா என்பதோடும் நிற்கக்கூடாது, அவரால் நிஜமாகவே என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்று பார்க்க வேண்டும். இதைத்தான் இயலுமை என்கிறோம். சென் 1998-ல் நோபல் பரிசு வாங்கினார், அந்தப் பெருமையை நாமும் கொண்டாடினோம்.

உங்கள் பதிலில் இருப்பது அவர் போதாது என்று தள்ளிய அதே இரண்டும்தான். டிக்கெட் கொடுத்துவிட்டோம், புகார் வரவில்லை. அதற்கு மேல் அந்தத் தாளில் எதுவும் இல்லை.

முதலில் டிக்கெட். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பயணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதனால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால் ஆய்வே தேவையில்லை. அம்மா வீட்டுக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக வீட்டு ஆம்பளையிடம் காசு கேட்டு நிற்பது போனது அந்தத் திட்டத்தால்தான். ஆனால் இலவச டிக்கெட் பஸ்ஸில்தானே கிடைக்கிறது! பஸ் வராத நேரத்துக்கு அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

சென் இதை விளக்க சைக்கிளை உதாரணமாக எடுத்தார் என்பது நம் ஊருக்கென்றே அமைந்த பொருத்தம். சைக்கிள் ஒரு பொருள். அது ஆளை ஏற்றிக்கொண்டு போகும் என்பது அதன் குணம். அதை ஓட்டி ஒருவர் நினைத்த இடத்துக்குப் போய்வர முடிகிறதா என்பது தனிக் கேள்வி. கால் நடமாட்டம் இல்லாதவருக்கு அதே சைக்கிள் கொடுத்தால் அது முற்றத்தில் நிற்கும். உடம்பு, ரோடு, ஊர்க் கட்டுப்பாடு, வீட்டு நிலைமை எல்லாம் சேர்ந்துதான் கையில் கிடைத்தது காரியமாகிறதா இல்லையா என்று தீர்மானிக்கின்றன. ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது, நல்ல காரியம், எங்கள் ஊரிலும் வீட்டுக்கு வீடு நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பகலில் அது ஓடும். ராத்திரி 8 மணிக்கு விலக்கிலிருந்து ஊருக்கு அதில் வா என்று எந்தத் தாயும் பெண்பிள்ளையிடம் சொல்ல மாட்டாள்.

அந்த விலக்கு ரோடு உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். நாற்கரச் சாலையிலிருந்து ஊர் 5 கிலோமீட்டர். முதல் அரை கிலோமீட்டரில் ஒயின்ஷாப், அதோடு வெளிச்சம் முடிந்துவிடும். அப்புறம் கண்மாய்க்கரை, இரண்டு பக்கமும் ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலம், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லை, மழைக்காலம் என்றால் பாம்பு. "விலக்கு வரை இரவிலும் பேருந்துகள் உள்ளன" என்று எழுதியிருக்கிறீர்களே, அவை புறநகர் பஸ்கள். அவற்றில் பெண்களுக்கு இலவசம் கிடையாது. பாதி வண்டிகளில் "அங்கெல்லாம் நிக்காது" என்று ஏறும்போதே சொல்லிவிடுவார்கள், மீதியில் கண்டக்டர் மனசு வைத்தால் இறக்கிவிடுவார். இறங்கிய பிறகு அந்த 5 கிலோமீட்டரை உங்கள் கடிதம் எப்படிக் கடந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ஹால்ட் பஸ் என்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ராத்திரி வருவதும் அதுதான், விடிகாலையில் போவதும் அதுதான். உங்கள் தாளில் அது ஒரு ஷெட்யூல், ஊரில் அது கடைசி பஸ்ஸும் முதல் பஸ்ஸும். அதை எடுத்ததும் நாள் இரண்டு பக்கமும் குறுகிவிட்டது. இப்போது பெரியாரில் கடைசி நடை 7.10, ஊரில் முதல் நடை 6.50. நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்லை என்பது உண்மைதான். பேங்க், தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் நடுவில்தான் இருக்கின்றன. ராத்திரி பஸ்ஸிலும் விடிகாலை பஸ்ஸிலும் போகிறவர்கள் வேறு ஆட்கள்.

விடிகாலை பஸ்ஸை முதலில் சொல்கிறேன். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-ல். அந்தப் பூவை எப்படிப் பறிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ராத்திரி 2 மணி, 3 மணிக்கு இறங்கிவிடுவார்கள். மொக்காக இருக்கும்போதே மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். வாய் திறந்துவிட்டால் கட்டுகிறவர்கள் வாங்க மாட்டார்கள். ஏக்கர் கணக்கில் போட்டவர்களுக்கு வேன் இருக்கிறது. எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு இருப்பது 15 சென்ட். பறிக்கும் பூ ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும். 5 மணி பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார், பெரியாரில் இறங்கி பஸ் மாறி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி விலை கேட்பார், நேற்று எடையில் ஏமாற்றினவன் கடைப் பக்கம் போக மாட்டார், வேறு கடையில் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு 10 மணிக்கு ஊருக்கு வந்துவிடுவார். இப்போது ஊரில் ஒருத்தர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து எல்லாரிடமும் வாங்கிப் போகிறார். அவர் மோசமான ஆள் இல்லை. அவர் சொல்வதுதான் விலை, அவ்வளவுதான். சில நாள் மார்க்கெட் விலைக்குப் பக்கத்திலேயே கொடுக்கிறார், வருமானத்தைக் கணக்குப் பார்த்தால் பெரிய பள்ளம் தெரியாமல்கூடப் போகலாம். ஆனால் விலை கேட்டு, பேசி, பிடிக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிற ஒரு பெண், இப்போது வாசலில் நின்று கொடுத்ததை வாங்கிக்கொள்கிற பெண்ணாகிவிட்டார். கையில் வரும் ரூபாயை மட்டும் பார்க்கிற கணக்கில் இந்த நட்டம் ஏறவே ஏறாது. சென் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: தன் காரியத்தைத் தானே முடிவெடுத்து நடத்துகிற சுதந்திரம் வருமானத்துக்கு வழி மட்டும் இல்லை, அதுவே ஒரு நன்மை.

அடுத்து ராத்திரி பஸ். விளக்குத்தூண், தெற்குமாசி வீதிப் பக்கம் ஜவுளிக் கடைகளில் எங்கள் ஊர்ப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கடை 9 மணிக்குச் சாத்தும், அதற்கு முன் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கியாக வேண்டும், அப்புறம் பெரியாருக்கு ஓட்டமும் நடையுமாக வந்தால் 9.25 பிடித்துவிடலாம். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் இவர்கள் உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று 2021-ல் நம் சட்டமன்றம் சட்டத்தையே திருத்தியது, கேரளத்துக்கு அடுத்து நாம்தான் என்று பெருமையாகப் பேசினோம். இருக்கை கிடைத்ததோ இல்லையோ, வீட்டுக்குப் போகிற பஸ் போய்விட்டது. இப்போது திருமங்கலம் வரைக்கும் டவுன் பஸ், அங்கிருந்து ஆட்டோ. ஊருக்கு வர 250 ரூபாய் கேட்கிறார்கள். திரும்பிப் போக சவாரி கிடைக்காது என்று அவர்கள் சொல்வதும் நியாயம்தான். 250 ரூபாய் என்பது இவர்களின் ஒருநாள் சம்பளத்தில் பாதிக்கு மேல். நாலு பேர் சேர்ந்து வந்து கொஞ்ச நாள் ஓட்டினார்கள், ஒருத்திக்கு வார லீவு மாறினால் மற்றவர்கள் பங்கு ஏறும், அதில் சண்டை வந்தது. ஒருத்தி வேலையை விட்டுவிட்டு நூறு நாள் வேலைக்குப் போகிறாள். ஒருத்தி திருமங்கலத்திலேயே குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தி டவுனில் ரூம் எடுத்துத் தங்கிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், மூன்றாம் வகுப்பு படிக்கிற பையன் அப்பத்தாவிடம். இவர்களில் யாரும் பஸ் இல்லாததால் இப்படி ஆனது என்று உங்களுக்கு மனு எழுதப் போவதில்லை. அவரவர் அவரவருக்குத் தெரிந்தபடி சமாளித்துக்கொண்டார்கள். நீங்களும் பாதிப்பு இல்லை என்று எழுதிவிட்டீர்கள்.

என் வகுப்பிலேயே இருக்கிற எங்கள் ஊர்ப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்தார்களே, கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே போய் குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி முடித்து, நூலகம் போய், படித்து, 9.25-க்கு ஏறுவாள். என்னோடு வருகிற நாட்களில் பஸ்ஸிலேயே என்னிடம் சந்தேகம் கேட்பாள். இப்போது 7.10 பிடிக்க வேண்டும் என்றால் நத்தம் ரோட்டிலிருந்து 6 மணிக்கே கிளம்ப வேண்டும், டவுன் நெரிசலில் அதுவும் போதாது. போவதை விட்டுவிட்டாள். அத்தனை மாடி, அத்தனை புத்தகம், ஏசி எல்லாம் அவளுக்கும்தான் கட்டியது. யாரும் அவளைத் தடுக்கவில்லை, உறுப்பினர் அட்டைகூட வைத்திருக்கிறாள்.

சரி, "இரவு நடையில் கூட்டம் குறைவு, தேவை இருந்தால் ஏறியிருப்பார்களே" என்று நாங்கள் நேரில் வந்தபோது கேட்டீர்கள். இதற்கும் சென்னிடம் ஒரு பதில் இருக்கிறது. விரதம் இருக்கிறவரும் சோற்றுக்கு வழியில்லாதவரும் வெறும் வயிற்றோடுதான் படுக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். ஒருவருக்குச் சாப்பிட வழி இருந்தும் வேண்டாம் என்கிறார், இன்னொருவருக்கு வழியே இல்லை. ராத்திரி 8 மணிக்கு எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் வீட்டில்தான் இருக்கிறார்கள். சீரியல் பார்க்க வீட்டில் இருப்பவள் இருக்கிறாள், பஸ் இல்லாமல் வீட்டில் இருப்பவளும் இருக்கிறாள், உங்கள் பயணிகள் எண்ணிக்கையில் இரண்டு பேருமே "பயணம் செய்யாதவர்". இன்னொன்று, அந்த பஸ் வாரத்துக்கு இரண்டு நாள் வராமல் போய்க்கொண்டிருந்தது கடைசி ஒரு வருஷமாக. வருமா வராதா என்று தெரியாத பஸ்ஸை நம்பி யாரும் வேலையில் சேர மாட்டார்கள், பிள்ளையைப் படிக்க அனுப்ப மாட்டார்கள். கூட்டம் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று பஸ்ஸுக்காகக் காத்து நின்ற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது அந்தப் "புகார் ஏதும் பெறப்படவில்லை". வங்காளப் பஞ்சத்துக்கு மறுவருஷம், 1944-ல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் ஒரு சுகாதார ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை, அல்லது சுமார்தான் என்றார்கள். பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தக் காலத்து விதவைகள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது தெரிந்தவர் எவரும் அந்தப் பெண்கள் ஆண்களைவிடத் திடமாக இருந்தார்கள் என்று நம்ப மாட்டார்கள். இந்தக் கணக்கை எடுத்துக்காட்டித்தான் சென் சொன்னார்: இல்லாமையிலேயே பழகிப்போனவர்கள் அதற்கேற்ப ஆசையையும் சுருக்கிக்கொள்கிறார்கள், அவர்கள் வாய்விட்டுக் குறை சொல்லவில்லை என்பதை நியாயம் நடப்பதற்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது.

எங்கள் ஊரில் இதைக் கேட்க ஆய்வுக் குழு தேவையில்லை. மேலத்தெருவில் ஒரு பாட்டி, வாரத்துக்கு இரண்டு தடவை பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு நாள் காலையில் முதல் ஷிஃப்ட், முன்பு 5 மணி பஸ்ஸில் போவார். இப்போது எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அதுக்கென்னத்தா, முதல்நாளே போயி வராண்டாவுல படுத்துக்கிறேன், காத்து நல்லாத்தான் வருது" என்றார். அவரிடம் போய் உங்களுக்குப் பாதிப்பு உண்டா என்று படிவம் நீட்டினால் இல்லை என்றுதான் கைநாட்டு வைப்பார். அதைக் கொண்டுபோய்க் கோப்பில் சேர்த்துவிடுவீர்களா?

மார்த்தா நுஸ்பாம் என்றொரு தத்துவப் பேராசிரியர் இருக்கிறார். குஜராத்திலும் கேரளத்திலும் பெண்களோடு பேசிப் பழகி, அந்த அனுபவத்தை வைத்து 2000-ல் ஒரு புத்தகம் எழுதியவர். சென் பட்டியல் போட மறுப்பார், எது முக்கியம் என்பதை அந்தந்த ஜனங்கள் பொதுவில் பேசி முடிவெடுக்கட்டும் என்பார். நுஸ்பாம் பட்டியலே போட்டுவிட்டார், மனுஷர் மனுஷராக வாழ 10 இயலுமைகள். உயிர், உடல்நலம், உடம்பின் மீது உரிமை, அறிவும் கற்பனையும், அன்பு, தன் வாழ்க்கையைத் தானே திட்டமிடுவது, மற்றவர்களோடு மதிப்பாகச் சேர்ந்து வாழ்வது, பிற உயிர்களோடு உறவு, சிரிப்பும் விளையாட்டும், தன்னைச் சுற்றியுள்ளதன் மீது ஒரு பிடி. இதில் மூன்றாவதாக வருகிற உடம்பின் மீது உரிமை என்பதற்கு அவர் முதலில் எழுதியிருப்பதே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தடையில்லாமல் போய்வர முடிவதுதான், அதையடுத்துத்தான் வன்முறையிலிருந்து பாதுகாப்பு. வகுப்பில் இதை நடத்தும்போது போன வருஷம் வரைக்கும் அந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுவேன். இந்த வருஷம் அங்கேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. பின்வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் தன் ஊர் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டன.

நுஸ்பாமின் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குறைந்தபட்ச மட்டம் உண்டு, அதற்குக் கீழே எவரும் போகக் கூடாது, ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டி ஈடுகட்டிவிட்டேன் என்று சொல்லக் கூடாது என்பார். நீங்கள் செய்திருப்பது அதுதான். ஹால்ட்டை எடுத்துவிட்டு மத்தியானம் 1.40-க்கு ஒரு நடை கூட்டியிருக்கிறீர்கள், மொத்த எண்ணிக்கை பெரிசாகக் குறையவில்லை என்று காட்டுவதற்கு. அந்த 1.40 வண்டி காலியாக வந்து காலியாகப் போகிறது, அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்று போனால் அது மற்றதையும் அரித்துக்கொண்டு போகும் என்று ஜொனாதன் வுல்ஃப், அவ்னர் டி-ஷாலித் என்ற இருவர் 2007-ல் எழுதினார்கள். எங்கள் ஊரில் ஒரு பஸ் போனது. அதோடு வேலை, படிப்பு, பூ விலை, பாட்டியின் ராத்தூக்கம், ஒரு பையனுக்குத் தாய் பக்கத்தில் இருப்பது எல்லாம் போனது. சித்திரைத் திருவிழாவுக்கு ராத்திரி சாமி புறப்பாடு பார்த்துவிட்டு வீடு திரும்புவதும் போனது. சிரிக்காதீர்கள், அதுவும் அந்தப் பத்தில் ஒன்று.

வசூலுக்கு வருகிறேன். கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்ற அந்த இ.பி.கே.எம். கணக்கை நோட்டைத் திருப்பி எங்களுக்குக் காட்டினீர்கள். டவுன் பஸ்ஸில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் டிக்கெட்டுக்கான தொகையை அரசு உங்களுக்கு ஈடுகட்டுகிறது. அப்படியிருக்கும்போது கையில் விழுந்த சில்லறையை மட்டும் வைத்துப் பெண்கள் அதிகம் போகிற நடைக்கு வசூல் இல்லை என்று தள்ளினால், இலவசம் கொடுத்த திட்டமே அவர்கள் பஸ்ஸைப் பிடுங்குகிற காரணமாகிவிடாதா? முதல் நடையும் கடைசி நடையும் எந்த ஊரிலும் வசூலில் தோற்கத்தான் செய்யும். கடைசி பஸ் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஜனங்கள் காலையில் உங்கள் மற்ற நடைகளில் ஏறி டவுனுக்கே போகிறார்கள். அந்த வசூலை நீங்கள் எந்த நடையின் கணக்கில் எழுதுவீர்கள்?

இதெல்லாம் அளக்க முடியாத சமாச்சாரம் என்று சொல்லாதீர்கள். 1990-ல் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் ஐ.நா.வில் மனித மேம்பாட்டு அறிக்கையைக் கொண்டுவந்தபோது சென்னே தயங்கினார், ஒரே எண்ணில் மனுஷ வாழ்க்கையைச் சுருக்குவதா என்று. ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்து அளந்து காட்டினார்கள், இன்றைக்கு உலகமே அதை வைத்துத்தான் நாடுகளை வரிசைப்படுத்துகிறது. ஒரு பஸ்ஸை நிறுத்துவதற்கு முன் அதில் வழக்கமாக ஏறுகிறவர்கள் யார், நிறுத்தினால் எப்படி வீடு சேர்வார்கள் என்று கேட்பது அவ்வளவு கஷ்டமில்லை. கண்டக்டருக்கே எல்லாரையும் முகம் தெரியும். கட்டை ஊன்றி வருகிற மாற்றுத்திறனாளி அண்ணன் ஏறி உட்காருகிற வரைக்கும் விசில் கொடுக்காமல் நின்றவர்கள் அவர்கள்.

அவர்கள் பக்கத்து நியாயமும் இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஹால்ட் டியூட்டி என்றால் டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயே சீட்டில் படுக்க வேண்டும், கொசு, கக்கூஸ் கிடையாது, குளிக்கத் தண்ணீர் தெருக்குழாயில். ராத்தங்கலுக்கு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள் என்று கிளையில் ஒருவர் காதோடு காதாகச் சொன்னார், அதை நான் நம்புகிறேன். நாள் முழுக்க வண்டி ஓட்டியவருக்கு நல்ல தூக்கம் வேண்டாமா? இந்த விஷயத்தில் ஊர் தன் பங்கைச் செய்யாமல் இருந்ததும் உண்மை. ஆனால் இதற்கு மருந்து ஓர் அறையும் ஒரு கழிப்பறையும். பஸ்ஸை நிறுத்துவது மருந்தாகாது.

ஆகவே நாங்கள் கேட்பது:

ராத்திரி 9.25 நடையையும் விடிகாலை 5 மணி நடையையும் பழையபடி ஊரில் ஹால்ட்டாக இயக்குங்கள். வண்டி போதாது என்றால் மத்தியானம் 1.40 நடையை எடுத்துக்கொள்ளுங்கள், ஊர் சம்மதம். டிரைவர், கண்டக்டர் தங்க மந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ரேஷன் கடைக் கட்டடத்தைச் சரிசெய்து, ஃபேன், கழிப்பறை, தண்ணீர் வசதியோடு கொடுக்க ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவாகியிருக்கிறது, பஞ்சாயத்துத் தீர்மானமாகவும் போட்டு அனுப்புகிறோம். உங்கள் ஆட்களில் யாராவது வந்து பார்த்து என்ன குறை என்று சொன்னால் போதும்.

ஹால்ட் திரும்ப வருகிற வரைக்கும், ராத்திரி 8 மணிக்கு மேல் போகும் புறநகர் பஸ்கள் எங்கள் விலக்கில் கட்டாயம் நின்று செல்ல எழுத்தில் உத்தரவு போடுங்கள். கண்டக்டர் மனசை நம்பி இருக்க முடியாது. விலக்கு ரோட்டுக்கு விளக்குப் போடச் சொல்லித் தனியாக மனு போட்டிருக்கிறோம், அது உங்கள் துறை இல்லை என்று தெரியும்.

இனி எந்த ஊரிலும் முதல் நடையையோ கடைசி நடையையோ எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே பஞ்சாயத்துக்கு எழுதுங்கள், கிராம சபையில் வைக்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, உங்கள் தரப்பில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். வசூல் கணக்கோடு, அந்த நடையில் வழக்கமாக வருகிறவர்கள் யார், எதற்காக வருகிறார்கள், மாற்று வழி என்ன என்ற விவரமும் கோப்பில் இருக்க வேண்டும். ஜவுளிக் கடைகளிலும் பூ மார்க்கெட்டிலும் கல்லூரி வாசலிலும் போய்க் கேளுங்கள். பகல் 11 மணிக்கு ஊர் மந்தையில் வந்து கேட்டால் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

கடைசியாக, "பொதுமக்களுக்குப் பாதிப்பு ஏதும் இல்லை" என்ற வரியை எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெறுங்கள். பஸ் நாளைக்கே வந்துவிட்டாலும் இந்தக் கோரிக்கை நிற்கும். ஏனென்றால் அடுத்த ஊர் பஸ்ஸை நிறுத்தும்போது அந்தக் கோப்பைத்தான் யாராவது முன்மாதிரியாக எடுத்துப் புரட்டுவார்கள்.

பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம், பஞ்சாயத்துக்கு அனுப்புங்கள். மந்தை போர்டில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
9.25 பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர்கள் சார்பில்,
திருமங்கலம் பக்கத்து ஊர்க்காரி